போட்டியே நடக்கவில்லை என்றார்கள், எங்கள் சர்வரில் 214 பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கேம், ஆப், அனிமேஷன் என்று சின்ன அளவில் வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாய்ப்பேச்சை நம்பி முழு கேமையும் கையில் கொடுத்துவிட்டேன். 1,40,000 ரூபாய் இன்னும் வரவில்லை.

நானும் என் சித்தப்பா மகனும் திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு வாகன விற்பனை நிறுவனத்தின் மதுரை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆண்டு விழாவையொட்டி ஊழியர்களுக்குப் போட்டி. கண்ணை மூடி மாட்டினால் கேமுக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு மதுரைத் தெருவில் கார் ஓட்ட வேண்டும், குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குப் பரிசு. மொத்தம் 1,80,000 ரூபாய்க்குப் பேசி, 40,000 முன்பணம் கொடுத்தார்கள். வேலையையும் தொகையையும் எழுத்தில் உறுதி செய்யும் ஒர்க் ஆர்டர் கேட்டேன். "ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்துரும் தம்பி, நீங்க வேலையை ஆரம்பிங்க. மிச்சத்தை விழா அன்னைக்கே செக்கா வாங்கிக்கலாம்" என்றார் அந்த மனிதவள அதிகாரி. வயதில் பெரியவர், மரியாதையாகப் பேசினார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எவ்வளவு உழைப்பு போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் முதலில் கேட்டது மாசி வீதிகள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள், ஒவ்வொரு மூலையிலும் சட்டென்று ஒரு திருப்பம். நடந்து போகும்போது அது ஒன்றும் தெரியாது. ஹெட்செட்டுக்குள் அதே திருப்பம் வயிற்றைப் புரட்டிவிடும். வண்டி திரும்புகிறது என்று கண் சொல்லும், நீ நாற்காலியில் அசையாமல்தான் இருக்கிறாய் என்று உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். முதல் நாள் சோதித்துப் பார்த்த தம்பி இரண்டாவது மூலையிலேயே ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டான். அன்று மதியம் அவன் சாப்பிடவே இல்லை.

அதனால் பாதையை மாற்றினோம். தல்லாகுளத்தில் ஏறி, 2023இல் திறந்த நத்தம் சாலை மேம்பாலத்தில் ஓட்டம். மொத்தப் பாலம் 7.3 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். டாஷ்போர்டும் முன்கண்ணாடிச் சட்டமும் எப்போதும் கண்ணில் படும்படி வைத்தோம். அசையாத ஏதாவது ஒன்று கண் முன்னால் இருந்தால் தலைசுற்றல் குறையும். திரும்பும்போது பார்வையின் ஓரங்கள் இருட்டும்படியும் செய்தோம்.

குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட்டில் நொடிக்கு 72 படம் என்று வைத்தோம். ஒரு படத்துக்குக் கிடைப்பது 14 மில்லிநொடிகூட இல்லை, அதற்குள் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். நாங்கள் கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் வண்டியின் அசைவைக் கணக்கிடும் இடைவெளி, நாம் மாற்றாவிட்டால், 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 தடவை. 72க்கும் 50க்கும் ஒத்து வராமல் வண்டி நடுங்கியது. அதைக் கண்டுபிடிக்கவே மூன்று ராத்திரி போனது. பரிசுக்கான போட்டி என்பதால் நேரத்தை மில்லிநொடி வரை அளந்து எங்கள் சர்வரில் பதிய வைத்தோம்.

எல்லாம் முடிகிற நேரத்தில் ஸ்டீயரிங் வேண்டும் என்றார்கள். தனியாக இயங்கும் ஹெட்செட்டில் ஸ்டீயரிங்கை லேசில் சேர்த்துவிட முடியாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேமை ஓட்டி, ஹெட்செட்டைக் கேபிளில் இணைக்க வேண்டும். அந்தக் கணினி வாடகை 11,000 ரூபாய் எங்கள் கையிலிருந்து போனது. "பில்லில் சேத்துக்கலாம் தம்பி" என்றார்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், டைரக்டர் பார்க்க வேண்டும், ஃபைலை அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். இத்தனை நாளில் நின்றுபோகும் என்ற கெடு எதுவும் வைக்காத முழு பில்டு, அதாவது அப்படியே ஓட்டக்கூடிய முழு கேம். இரண்டாம் நாள் போன் வந்தது. போட்டி ரத்தாம், பட்ஜெட் இல்லையாம். "நீங்க குடுத்தது டெமோதானே, அதுக்குத்தான் அட்வான்ஸ் குடுத்தாச்சே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எங்கள் சர்வரில் நேரங்கள் வந்து விழ ஆரம்பித்தன. மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று கிளைப் பெயரும் ஊழியர் எண்ணும் சேர்ந்தே வந்தன. சாயங்காலத்துக்குள் 214 பேர். "அண்ணே, சர்வரை நிப்பாட்டிருவோம்" என்றான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. வரிசையில் நின்று ஓட்டிய அந்த ஊழியர்கள் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. யாருக்கும் குமட்டல் வராமல் ஓட்டியிருக்க வேண்டுமே என்றுதான் இருந்தது. பதிவுகளை எல்லாம் தேதி, நேரத்தோடு இறக்கி வைத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்த அதிகாரி என் போனை எடுக்கவே இல்லை.

அப்புறம்தான் சட்டம் பற்றி விசாரித்தேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேலையை ஏற்றுக்கொண்டவர்கள், எழுத்தில் என்ன தவணை போட்டிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு வேண்டும். அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போதும். காசு கேட்டு வரும் ஏஜென்ட்டுகளிடம் போகாதீர்கள். வேலையை ஆரம்பிக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். நாங்கள் போன வருடமே பதிந்திருந்தது ஏதோ நல்ல நேரம்.

புகாரோடு ஒர்க் ஆர்டரும் பில்லும் கேட்கிறார்கள். எங்களிடம் ஒர்க் ஆர்டர் இல்லை. லோகோவின் நிறத்தை மாற்றச் சொல்லி அவர்கள் அனுப்பிய ஒரு இமெயிலும், வாட்ஸ்அப் பேச்சுகளும், அந்த 214 பேரின் பதிவும்தான் இருக்கின்றன. எழுத்தில் ஒரு வரி கைக்கு வராமல் கணினியைத் திறக்காதீர்கள். பார்ப்பதற்கு என்று ஃபைல் கேட்டால் பத்து நாளில் தானே நின்றுபோகும் பில்டைக் கொடுங்கள், இல்லையென்றால் ஹெட்செட்டோடு நேரில் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். நடுவில் புதிதாக ஏதாவது கேட்டால் அதற்குத் தனி விலை போட்டு, அவர்கள் சம்மதம் என்று இமெயிலில் பதில் போட்ட பிறகு தொடுங்கள். பாதிப் பணமாவது முன்னால் வாங்குங்கள், பெரியவர் பேசுகிறாரே என்று என்னைப்போல் கூச்சப்படாதீர்கள்.

புகாருக்கு எண் வந்திருக்கிறது, விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. அந்தக் கணினி வாடகைக்குக் கொடுத்தது தம்பியின் செமஸ்டர் பணம். போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்த வேலையில் வந்ததை வைத்து அதை மட்டும் கட்டிவிட்டேன்.