மொழிப் பட்டமா, இரட்டைப் பாடமா, விருப்பப் பாடமா?

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மொழி படிக்கப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. மொழியையே முதன்மைப் பாடமாக எடுத்து முழுப் பட்டம் படிக்கலாம். வேறொரு பாடத்தோடு சேர்த்து இரட்டைப் பாடமாகப் படிக்கலாம். இல்லையென்றால் வேறு பட்டம் படித்துக்கொண்டே மொழியை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். நான் எடுத்தது இரண்டாவது வழி: பொருளாதாரமும் பிரெஞ்சும். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

விருப்பப் பாடத்தில் சுமை குறைவு. முழுப் பட்டத்தில் இலக்கியம், மொழியியல், அந்த நாட்டு வரலாறு என்று ஆழம் அதிகம். இதெல்லாம் தெரிந்ததுதான். நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: வகுப்பில் மொத்தம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பித்த அனுபவத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் வேலைக்குத் தேவையான அளவு பிரெஞ்சோ ஸ்பானியமோ கற்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும். ஜப்பானியம், சீனம், கொரியம், அரபு என்றால் 2,200 மணி நேரம்.

சரி, விருப்பப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் 3 மணி நேரம், ஆண்டுக்கு 25 வாரம் என்று வைத்தால் 75 மணி நேரம். மூன்று ஆண்டு விடாமல் போனாலும் 225தான். அதிலும் தேர்வு நெருங்கினால் முதலில் கைவிடப்படுவது அந்த வகுப்புதான். என்னோடு படித்தவர்களில் நன்றாகப் பேச ஆரம்பித்த பலரே இப்படிப் பாதியில் நின்றுபோனது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இரட்டைப் பாடத்தில் இதே நேரம் இரு மடங்காவது ஆகும். மொழித் தாளில் தேறாமல் பட்டம் கிடையாது என்பதால் நடுவில் விடவும் முடியாது. அப்புறம் பரிமாற்றப் பருவம்: பிரெஞ்சு வழியில் கற்பிக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் போய்ப் படிப்பது. அங்கே பணவீக்கத்தையும் வரியையும் பிரெஞ்சிலேயே கேட்டு, குறிப்பெடுத்து, பிரெஞ்சிலேயே தேர்வு எழுத வேண்டும். மொழி வகுப்புக் கணக்கில் வராத அந்த நேரம்தான் என்னைத் தயங்காமல் பேச வைத்தது. பேசுவதற்குச் சொந்தமாக ஒரு துறை இருந்ததும் பெரிய பலம். முழுப் பட்டம் படித்தவர்களின் பிரெஞ்சு என்னுடையதைவிடச் செழுமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் அறிந்தவர்களில் பலர் வேலைக்காக இன்னொரு படிப்பும் படிக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு, ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்கு அந்த ஆழம் எவ்வளவு கைகொடுக்கும் என்பதை, அந்தப் பக்கமே போகாத நான் எடைபோட முடியாது.

ஜப்பானியம், சீனம் போன்றவற்றுக்கு மட்டும் முழுப் பட்டத்தின் பக்கம் சாய்வேன். ஜப்பானியத்தில் வினை கடைசியில் வருவதும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் தமிழருக்குப் பழக்கமானவை. அதனால் 2,200 என்பது நமக்குக் கொஞ்சம் குறையலாம். ஆனால் ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜி (சீனத்திலிருந்து வந்த) எழுத்துகள் இருக்கின்றன. அதற்கு எந்தக் குறுக்குவழியும் இல்லை.

இரட்டைப் பாடம் என்று பெயர் போட்டிருப்பதை மட்டும் நம்பிச் சேர்ந்துவிடாதீர்கள். கடைசி ஆண்டிலும் மொழி வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வெளிநாட்டில் எடுக்கும் மதிப்பெண் பட்டத்தில் சேருமா, அடிப்படையே தெரியாதவரையும் சேர்ப்பார்களா என்று துறையில் நேரடியாகக் கேளுங்கள். முதல் ஆண்டில் அள்ளிக் கொடுத்துவிட்டுக் கடைசி ஆண்டில் மொழியைச் சுருக்கிவிடும் பாடத்திட்டமும் உண்டு.