எங்க சந்து கேஸ எடுத்து நடத்துற தம்பு செட்டித் தெரு வக்கீல் மேடம் பத்தி

பெரம்பூர்ல எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல நாலடி பொதுச் சந்து, எங்க பின்வாசலுக்கு அது ஒண்ணுதான் வழி. திடீர்னு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் அதுல செங்கல் இறக்கி கடக்கால் தோண்ட ஆரம்பிச்சிட்டார். அப்பாவுக்கு 74 வயசு, தூக்கமே போச்சு. முதல்ல பார்த்த வக்கீல் ஃபைல திறக்காமலே நாளைக்கே ஸ்டே கேரண்டின்னாரு, எனக்கு பயமாயிடுச்சு, ஃப்ரெண்ட் சொல்லி இந்த மேடம்கிட்ட போனோம்.

கேரண்டின்னு ஒரு வார்த்தை சொல்லல. நாம ஸ்டேன்னு சொல்றது சிவில் கோர்ட்ல, சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 39, ரூல் 1, 2-ல வர்ற இடைக்காலத் தடை, ஜட்ஜ் மூணு விஷயம் பார்ப்பாரு, மூணும் இருக்கணும்னாங்க. மொதல்ல பிரைமா ஃபேஸி, அதாவது கேஸுக்கு முகாந்திரம் இருக்கா. இப்பவே முழுசா நிரூபிக்க வேணாம், விசாரிக்க வேண்டிய நியாயமான கேள்வி இருக்குன்னு காட்டினா போதும், தாத்தா பத்திரத்துல பொது வழின்னு இருந்தது உதவுச்சு. அடுத்தது தடை கொடுத்தா அவருக்கு கஷ்டமா கொடுக்கலன்னா நமக்கு கஷ்டமா, எது அதிகம்னு பார்க்குறது. மூணாவதுலதான் மேடம் என்னைய ஒரு மணி நேரம் குடைஞ்சு எடுத்தாங்க, பின்னாடி காசா வாங்கி சரிபண்ண முடியிற நஷ்டம்னா கோர்ட் சட்டுனு தடை தராது, அப்பாவ ஸ்ட்ரெச்சர்ல தூக்கணும்னா எந்த வழியா தூக்குவீங்கன்னு கேட்டு அதையே அஃபிடவிட்ல, அதாவது சத்தியம் பண்ணி கோர்ட்ல கொடுக்குற வாக்குமூலத்துல எழுதினாங்க.

2019-ல சந்து முனையில கேட் போட்டுக்கலாம்னு அப்பா அவருக்கு ஒரு லெட்டர் கொடுத்திருந்தாரு, அத மறைச்சிடலாமான்னு நான் கேட்டேன். மேடம் முகமே மாறிடுச்சு. எதிர் தரப்ப கேக்காம வாங்கின தடையில, முக்கியமான விஷயத்துல தெரிஞ்சே தப்பா சொல்லியிருந்தா ரூல் 4-ல ரத்தாகும்மா, நீங்களே முதல்ல காட்டுங்கன்னாங்க, காட்டினோம். அந்த ஒரு விஷயத்துக்கே அஞ்சு ஸ்டார் கொடுப்பேன்.

ஹைகோர்ட் வளாகத்துல இருக்குற சிட்டி சிவில் கோர்ட்ல போட்டோம். முதல் நாளே தடை கிடைக்கல, ஜட்ஜ் எதிர் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லி, இடத்த நேர்ல பார்த்து ரிப்போர்ட் கொடுக்க ஒரு வக்கீல அட்வகேட் கமிஷனரா போட்டாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. எதிர் தரப்ப கேட்டுட்டு கொடுக்குறதுதான் பொது விதி, தாமதமானா கேட்டதே வீணாயிடும்னு இருந்தாத்தான் காரணம் எழுதி உடனே கொடுப்பாங்க, அப்படி கொடுத்தாலும் 30 நாள்ல முடிக்கப் பார்க்கணும்னு வராண்டாவுல நின்னு பொறுமையா சொன்னாங்க. கமிஷனர் டேப் வச்சு அளந்து ரிப்போர்ட் கொடுத்தாரு, ரெண்டு தரப்பையும் கேட்டுட்டு கேஸ் முடியிற வரைக்கும் சந்துல சுவர் கட்டக் கூடாதுன்னு ஆர்டர் வந்துச்சு. மீறினா ரூல் 2ஏ-ல ஜப்தி, 3 மாசம் வரை சிவில் ஜெயில் இருக்கு, அதனால போட்டோ எடுத்து தேதியோட வைங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

குறைன்னா, பகல்ல போன் எடுக்கவே மாட்டாங்க, கிளார்க் செலவுக்கு பில் கிடையாது, அத கேட்டு வாங்கணும். ஃபீஸ் மட்டும் முதல்லயே எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆபீஸ் ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, வயசானவங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, அப்பாகிட்ட வக்காலத்துல கையெழுத்து மேடம் கீழ இறங்கி வந்து ஆட்டோவுலயே வாங்கிக்கிட்டாங்க.