மூன்று சீசன் பார்த்த யுஎஸ்பி வைஃபை அடாப்டர்

கன்னியாகுமரியில் இரண்டு விடுதிகளின் வைஃபை என் பொறுப்பில் இருக்கிறது. சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் அறைகள் நிரம்பும், ‘நெட் வரவில்லை’ என்ற அழைப்புகளும் நிரம்பும். எந்தச் சேனலில் (வைஃபை ஓடும் அலைவரிசைத் தடத்தில்) நெரிசல் என்று பார்க்க ஏத்தெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கினேன். லினக்ஸில் செருகியதும் வேலை செய்தது.

முதல் சீசனில் அடாப்டரைச் சேனல் 6-இல் நிறுத்தியதாக நினைத்து, காற்றில் போகும் வைஃபை பாக்கெட்டுகளை ஓர் இரவு முழுக்கப் பதிவெடுத்து, ‘சேனல் 6 காலி’ என்று நோட்டில் எழுதி, இரண்டு ரூட்டர்களை அதற்கு மாற்றினேன். மறுநாள் முன்னைவிட மோசம். பதிவை, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் திறந்தேன். அடாப்டர் எந்த அலைவரிசையில் கேட்டது என்று சொல்லும் ரேடியோடேப் பகுதியில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 2462 மெகாஹெர்ட்ஸ். அது சேனல் 11. சேனல் 6 என்றால் 2437 இருக்க வேண்டும்.

அந்த அடாப்டரிலேயே விடுதி நெட்டிலும் இணைந்திருந்தேன், அது 11-இல் ஓடியது. ரேடியோ ஒன்றுதான், எல்லாப் பாக்கெட்டுகளையும் ஒட்டுக்கேட்கும் மானிட்டர் இன்டர்ஃபேஸ் அதில் திறந்த இன்னொரு சன்னல். இணைப்பு சேனலைப் பிடித்திருக்கும்வரை மானிட்டரின் பேச்சு எடுபடாது. சேனலை மாற்றச் சொன்னபோது லினக்ஸின் மையமான கர்னல் ‘பிஸி’ என்று மறுத்திருக்கிறது. பிழைச் செய்திகளை என் ஸ்கிரிப்டே விழுங்கிவிட்டது. இப்போது நெட் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரை நிறுத்தி, மானிட்டரை மட்டும் விட்டுவைத்துத்தான் தொடங்குகிறேன். அப்போது சொன்ன சேனலில் நிற்கிறது. அப்படியும் பதிவின் முதல் பாக்கெட்டில் அலைவரிசையைப் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சேனல் 3-இல் நிற்கும்போது 1-இல் உள்ள ரூட்டரின் பீக்கனும் (‘நான் இருக்கிறேன்’ என்று ரூட்டர் விடாமல் அனுப்பும் அறிவிப்பு) காதில் விழும். சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான், அகலமோ ஏறக்குறைய 20. ரேடியோடேப் 2422 என்னும். பீக்கனுக்குள் சேனல் எண் 1 என்றிருக்கும். இது தெரியாமல் பக்கத்துக் கடையின் ஒரே ரூட்டரை மூன்றாக எண்ணியிருக்கிறேன்.

ஒவ்வொரு சேனலாகத் தாவிக் கேட்கும் ஸ்கிரிப்டை இப்போது அதிகம் நம்புவதில்லை. சேனலுக்குக் கால் நொடி என்றால் 13 சேனல்களைச் சுற்றிவர மூன்று நொடிக்கு மேல். யார் இருக்கிறார்கள் என்று அறிய அது போதும், யார் நெரிக்கிறார்கள் என்று அறியப் போதாது. 1, 6, 11 ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் உட்கார்கிறேன்.

உப்புக்காற்றில் ஆன்டெனாத் திருகில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது; துடைத்தால் போகிறது. இந்த ஆண்டு ஒரு விடுதியில் 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் மாட்டிவிட்டார்கள். 2.4-ஐ மட்டுமே கேட்கும் இந்த அடாப்டருக்கு அங்கே வேலையில்லை.