நான்கு மழைக்காலம், ஒரு மேக்ரோ லென்ஸ்

கேமராவையும் லென்ஸையும் பழையதாகத்தான் வாங்கினேன். 2021 செப்டம்பர் கடைசி, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு மெல்லத் தளர்ந்துகொண்டிருந்த நேரம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை கேமரா, அதாவது படம் பதியும் சென்சார் சின்னதாக இருக்கும் ரகம், 16 மெகாபிக்சல். அதோடு சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்கும் ஒரு 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ். இரண்டும் சேர்த்து 1,900 வெள்ளி (ரிங்கிட்). விற்றவர் பட்டர்வொர்த்தில் இருந்து வந்து, ஜெட்டி பக்கத்து ஒட்டுக்கடையில் கோப்பி ஓ குடித்துக்கொண்டே கைமாற்றிவிட்டுப் போனார். எந்த நிறுவனத்தின் கேமரா என்று சொல்லப்போவதில்லை. நான் இங்கே எழுதும் நல்லதும் கெட்டதும் இந்த ஊர் ஈரத்தில் புழங்கும் எந்தக் கேமராவுக்கும் பொருந்தும்.

மேக்ரோ லென்ஸ் எனக்கு வேண்டியதே இல்லை. அவர் தனியாகத் தரமாட்டேன் என்றதால் சேர்ந்து வந்தது. என் ஆசையெல்லாம் எங்கள் பினாங்குத் தீவின் கொடிமலை உச்சியில் நின்று ஜார்ஜ்டவுனையும் பாலத்தையும் அகலமாக எடுப்பது. 833 மீட்டர் உயரம், ரயிலில் ஏறினால் சில நிமிடம். வாங்கிய முதல் வாரமே போனேன். மேகம் வந்து மலையை மூடிக்கொண்டது. இரண்டு மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரமும் அதே கதை. அப்புறம்தான் உறைத்தது, நான் கேமரா வாங்கிய மாதமே தப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலேசியா என்றாலே டிசம்பரில் வெள்ளம் என்று நினைப்பார்கள். அது கிளந்தான், திரங்கானு பக்கம். வடகிழக்குப் பருவமழையை நடுவில் இருக்கும் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், பினாங்கில் தைப்பூசத்துக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். எங்களுக்குப் பெருமழை செப்டம்பர், அக்டோபர், நவம்பரில். தீபாவளிக்குப் பட்டாசு நனையாமல் இருந்தால் அதிர்ஷ்டம். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், மலையும் மலைசார்ந்த இடமுமான குறிஞ்சிக்கு உரிய பொழுது. அந்தக் கணக்கு இந்தத் தீவுக்கு இவ்வளவு சரியாகப் பொருந்தும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது தெரியவில்லை.

எனக்கு அந்த மூன்று மாதமும் பிடிக்காது. 2017 நவம்பர் 4இல் பிடித்த மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தீவிலும் எதிர்க்கரை செபராங் பிறையிலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள், மலைப்பக்கம் பல இடங்களில் மண் சரிந்தது. எங்களுக்குப் போனது மெத்தை, குளிர்பெட்டி, அப்பாவின் பழைய படங்கள் இருந்த ஒரு அட்டைப்பெட்டி. அதற்குப் பிறகு கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடும். எனக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். விடிந்து வீடு திரும்பும்போதும் வானம் இருட்டிக் கிடந்தால், வாரக்கணக்கில் சூரியனையே பார்க்காத மாதிரி மனது மக்கிப்போகும். பனி நாட்டுக்காரர்கள் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரி, லென்ஸுக்கு வருகிறேன்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து, மோட்டாரை நேராகத் தண்ணீர்மலைப் பூங்காவுக்கு விட்டேன். 1884இல் உருவான தாவரவியல் பூங்கா அது. நல்ல தூறல், நடைப்பயிற்சி ஆட்கள்கூட இல்லை. பையில் இருந்தது மேக்ரோ மட்டும். ஓடை ஓரத்தில் காட்டுச்சேம்பு இலை ஒன்று, அதன் நடுவில் பாதரசம் மாதிரி உருளும் துளி. சேம்பு இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள் இருப்பதால் தண்ணீர் ஒட்டாது, உருண்டுகொண்டே இருக்கும். குனிந்து பார்த்தேன். துளிக்குள் பின்னால் இருந்த செம்பருத்திச் செடி முழுசாகத் தலைகீழாக நின்றது. துளியே ஒரு லென்ஸ். அதைப் படமெடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. துளியின் மேல்பரப்பில் ஃபோகஸ் வைத்தால் உள்ளே இருக்கும் பூ மங்கும். உள்ளே தெரியும் பிம்பத்தில் வைக்க வேண்டும், அது ஒரு மயிரிழை தள்ளி இருக்கிறது. அன்றைக்கு எடுத்த 80 படத்தில் தேறியது ஒன்று.

இந்த லென்ஸின் குணம் அங்கேதான் பிடிபட்டது. ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருளின் உண்மை அளவிலேயே சென்சாரில் பிம்பம் விழும் நெருக்கத்தில், லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்தால்கூடத் தெளிவாக வரும் ஆழம் சுமார் அரை மில்லிமீட்டர். மூச்சுவிட்டால் சிலந்தியின் கண் போய் கால் தெளிவாகிவிடும். எஃப் 11ஐத் தாண்டினால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் மொத்தமும் கொஞ்சம் மொண்ணையாகும். ஆகவே நான் எஃப் 8 பக்கமே இருந்துகொண்டு, ஃபோகஸைத் தொடாமல் உடம்பை முன்னும் பின்னும் அசைத்து வரிசையாகச் சுடுவேன். முதல் மாதம் ஆட்டோ ஃபோகஸை நம்பி அலுத்துப்போனேன். காற்றில் ஆடும் புல்லில் அது முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடும், அதற்குள் பூச்சி பறந்துவிடும்.

மழை வெளிச்சத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. பினாங்கில் காலை பத்து மணிக்கு மேல் வெயில் உச்சந்தலையில் நிற்கும். பூவில் பாதி வெந்து வெளுக்கும், பாதி கறுக்கும். மேகம் மூடிய நாளில் வானம் முழுவதும் ஒரு பெரிய வெள்ளைத் துணி கட்டிய மாதிரி, எந்தப் பக்கமும் நிழல் இல்லை. நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவை வெயிலில் எடுத்தால் வெறும் சிவப்புக் குப்பை. மழையில் எடுத்தால் இதழின் வெளிப்புறம் இருக்கும் மஞ்சளும், அந்தப் படம் எடுத்த நாகம் போன்ற மகரந்தத் தட்டின் ஒவ்வொரு முடியும் தெரியும். ஒரே ஒரு தொல்லை, நனைந்த இலை வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாகப் பளபளக்கும். அதற்கு ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்கினேன், திருப்பினால் பளபளப்பு போய்ப் பச்சை வெளியே வரும். ஏற்கெனவே குறைவான வெளிச்சத்தில் இன்னும் ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேல், அது தின்றுவிடும் என்பது உண்மைதான். ஒளி உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ அளவு 1600 வரைக்கும் கவலையில்லை. 3200இல் இந்தச் சின்ன சென்சார் மணல்மணலாகிவிடுகிறது. அசையாத காளானுக்குக் கேமரா உடலிலேயே இருக்கும் அதிர்வுக் கட்டுப்பாடு போதும், முட்டியில் முழங்கையை ஊன்றி எட்டில் ஒரு நொடி வரை கையாலேயே பிடித்திருக்கிறேன்.

பூங்காவில் பெருக்கும் அக்கா ஒருவர் முதல் இரண்டு வாரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாவது வாரம் கேட்டேவிட்டார்.

"என்னா தம்பி, தெனம் மழையில நனைஞ்சுக்கிட்டு எதைத் தொலைச்சுட்டுத் தேடுறீங்க?"

கேமராத் திரையில் குதிக்கும் சிலந்தி ஒன்றைக் காட்டினேன். முன்பக்கம் இரண்டு பெரிய கண், பக்கத்தில் இரண்டு சின்னக் கண், எல்லாம் நம்மையே பார்க்கும்.

"ஐயே, இதையா! மூஞ்சியப் பாரு, எங்க சூப்பர்வைசர் மாரியே இருக்கு லா" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர்தான் என் கண். மூங்கில் புதரடியில் வலைப்பாவாடைக் காளான் முளைத்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது அவர். வெள்ளைப் பின்னல் விரித்த மாதிரி விடியலில் நிற்கும் அது, வெயில் ஏறினால் மதியத்துக்குள் சாய்ந்துவிடும். அழுகல் நாற்றம் வேறு. அதை எடுத்துவிட்டுப் பசியாறப் போனால் ரொட்டி சானாய் தொண்டையில் இறங்காது.

இப்போது கெட்டது.

முதல் வருடம் டிசம்பரில், கூடவே வைத்திருந்த ஒரு பழைய ஜூம் லென்ஸைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே சிலந்திக் கூடு மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சணம். அலமாரியில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் நாலைப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பொட்டலம் ஒரே வாரத்தில் ஈரம் குடித்து நிறைந்துவிடும், பிறகு அது வெறும் மணல். ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி இருட்டில் கிடந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். கண்ணாடி மேல் படிந்த தூசியும் கைரேகை எண்ணெயும் அதற்குச் சாப்பாடு. வளரும்போது விடும் அமிலம் மேல்பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தடம் போகாது. ஒரு கடையில் 180 வெள்ளி கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். திரும்பி வந்தபோது பூஞ்சணம் இல்லை, ஆனால் உள்ளே ஒரு கண்ணாடி லேசாகச் சாய்ந்து, படத்தின் இடது பக்கம் எப்போதும் மங்கல். மறுபடி போய்க் கேட்டதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது என்றார்கள். விட்டுவிட்டேன்.

மறுவாரமே 30 லிட்டர் உலர்பெட்டி வாங்கினேன், மின்சாரத்தில் ஓடுவது. 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக நிறுத்தாமல் ஓடுகிறது, லைட் பில்லில் வித்தியாசம் தெரியவில்லை. மனைவி ஏலக்காயையும் பெருங்காயத்தையும் அதற்குள் வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டார். பெருங்காயத்துக்கு மட்டும் இடம் தரவில்லை. இங்கே புதிதாகக் கேமரா வாங்குகிறவர் யாராக இருந்தாலும், லென்ஸில் 300 வெள்ளியைக் குறைத்துக்கொண்டு இதை முதலில் வாங்குங்கள் என்பேன்.

இன்னொன்று குளிர்சாதன அறை. ஏசி போட்ட அறையில் பையை வைத்துவிட்டுக் காலையில் வெளியே எடுத்தால், லென்ஸ் முழுவதும் பனி பூத்துவிடும். துடைத்தால் மறுபடி பூக்கும். இருபது நிமிடம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இருபது நிமிடத்தில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பது விதி. இப்போது தொழிற்சாலை லாக்கருக்குக் கேமராவைக் கொண்டுபோவதே இல்லை. மோட்டார் சீட்டுக்கு அடியில், நீர்புகாப் பையில் கிடக்கும்.

மழை தாங்கும் கேமரா என்று விளம்பரத்தில் போடுவதை அப்படியே நம்பக்கூடாது. உடலும் லென்ஸும் இரண்டுமே ரப்பர் வளையம் போட்டவையாக இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். இரண்டில் ஒன்று சாதாரணமானால் தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும். என்னுடையது இரண்டும் அப்படிப்பட்டவை, தூறலில் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்றாம் வருடம் கேபிள் செருகும் இடத்து ரப்பர் மூடி தளர்ந்துவிட்டது. கைப்பிடி ரப்பரும் வியர்வையில் உப்பி ஓரத்தில் உரிகிறது. கொட்டுமழையில் வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டேன். குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எடுக்கப் பழகியாயிற்று. மறுநாள் கழுத்து திரும்பாது. பேட்டரி ஒன்றுக்குச் சுமார் 300 படம், மேக்ரோவில் திரையை எரியவிட்டே இருப்பதால் எனக்கு 220தான் வருகிறது. மூன்று பேட்டரி வைத்திருக்கிறேன்.

இந்த லென்ஸில் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது பூச்சியும் இல்லை, துளியும் இல்லை. 2023 அக்டோபர், நிலா வாசலுக்கு மேலே செல்லும் மலைப்பாதை. மழை பிடித்துக்கொண்டதும் ஒரு கற்படியில் ஒதுங்கினேன். தலைக்கு மேல் கிளையில் ஒரு லோத்தோங். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிற, கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரியான கருங்குரங்கு. மடியில் ஏதோ ஆரஞ்சு நிறத்தில். இந்தக் குரங்குக் குட்டிகள் பிறக்கும்போது தங்க நிறம், சில மாதத்தில் சாம்பலாகிவிடும். தாய் முதுகை வளைத்துக் குட்டியின் மேல் கூரை மாதிரி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் அதன் முதுகில் இருந்து வாலுக்கு இறங்கி வால் நுனியில் சொட்டியது. குட்டி ஒரு கையை வெளியே நீட்டி அந்தச் சொட்டைப் பிடிக்கப் பார்த்தது. மேக்ரோ லென்ஸ் இதற்கானது இல்லை. ஆனாலும் 60 மி.மீ. இந்தக் கேமராவில் பெரிய கேமராவின் 120க்குச் சமமான கோணம், முகப்படத்துக்கு ஏற்றது. ஆறு படம் எடுத்தேன். பிறகு கேமராவை உள்ளே வைத்துவிட்டு, மழை விடும்வரை முக்கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். தகரக் கூரை சத்தம் கேட்டால் இப்போதும் விழித்துக்கொள்கிறேன். ஆனால் வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு, பேட்டரி சார்ஜில் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன்.

கைபேசி போதாதா என்று கேட்பவர்களுக்கு, துளிக்கும் பூவுக்கும் போதும். சிலந்திக்குப் போதாது. அவ்வளவு கிட்டே போனால் கைபேசியின் நிழலே பூச்சியின் மேல் விழுந்துவிடும், அது ஓடிவிடும். இதே ரகத்தில் பழையது வாங்கப் போகிறவர்கள் லென்ஸின் பின்பக்கம் கைபேசி விளக்கை அடித்து, முன்பக்கத்தில் இருந்து பாருங்கள். இழை தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அகலக்கோண லென்ஸ் ஒன்றும் பிற்பாடு வாங்கினேன், கொடிமலைக்காக. பெட்டியில்தான் இருக்கிறது. நான்கு வருடத்தில் கேமராவும் மேக்ரோவும் அப்படியே ஓடுகின்றன. குடைதான் மூன்று மாற்றியாகிவிட்டது.