ரைஃபிள் பரவாயில்லை, அந்த லைட்டைத்தான் மன்னிக்க முடியவில்லை

டாலஸ் புறநகரில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். தெருவில் ஒரு திருட்டு நடந்ததிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் வைத்திருக்கும் அதே ஏஆர்-15 ரைஃபிள் இப்போது விலை இறங்கி, லைட், ஸ்லிங் (தோளில் மாட்டும் வார்), ரெட் டாட் (குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி) எல்லாம் சேர்ந்த செட்டாக வருகிறதாம். "வாங்கிடலாமா அண்ணா?" என்றார். சில வருடங்களாக அந்த செட்டை வைத்திருக்கிறேன். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ரைஃபிளைக் குறை சொல்ல மாட்டேன். 500 டாலரை ஒட்டிய விலைக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) எண்ணெய் காயாமல் பார்த்துக்கொண்டால் சிக்குவதே இல்லை. ட்ரிக்கர் மணலை அரைக்கிற மாதிரி கரகரக்கும், பழகிவிடும். நல்ல மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி) மட்டும் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கோபம் எல்லாம் அந்த லைட் மேல்தான். பெட்டியில் ஆயிரத்துச் சொச்சம் லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தது. வெளிச்சமும் உண்மையாகவே நன்றாக இருந்தது. ஆனால் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சுடும்போது, சுட்ட அதிர்ச்சியில் தானாக மங்கலுக்கு மாறும். அடுத்த முறை ஸ்ட்ரோபுக்கு (விட்டுவிட்டு மின்னும் மோடு) போய்ப் படபடவென்று வெட்டும். கழற்றிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. பேட்டரிக்கு ஒரு பக்கம்தான் ஸ்பிரிங். துப்பாக்கி உதைக்கும்போது பேட்டரி ஒரு கணம் தொடர்பை விட்டு விலகுகிறது. உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை யாரோ பொத்தானை அழுத்தியதாக எடுத்துக்கொண்டு அடுத்த மோடுக்குப் போகிறது. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்தால் தீர்கிற கோளாறு. இன்னும் ஒரு ஸ்பிரிங் போட எவ்வளவு செலவாகிவிடும்? வாரண்டியில் அனுப்பினேன், மரியாதையாகப் பேசினார்கள், சீக்கிரமே புதிது வந்தது. அதுவும் அதே மாதிரி வெட்டியது.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்றால், எங்கள் வீடுகளில் ராத்திரி நடமாட்டம் அதிகம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் நேர மாற்றத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, விளக்குப் போட்டால் பிள்ளைகள் முழித்துவிடுவார்கள் என்று இருட்டிலேயே சமையலறைக்கு நடப்பார்கள். கூடத்தில் நிற்பது யார் என்று தெரியாமல் ட்ரிக்கர் பக்கம் விரல் போகவே கூடாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் லைட். ஸ்ட்ரோப் வெட்டும் வெளிச்சத்தில் எனக்கு ஆள் அடையாளம் சரியாகப் பிடிபடுவதில்லை. ரைஃபிளில் வேறு எது பழுதானாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியும், இதை முடியாது.

இப்போது அதற்குப் பதிலாக ஸ்ட்ரீம்லைட் புரோடாக் எச்எல்-எக்ஸ் என்ற லைட்டைப் போட்டிருக்கிறேன். ஸ்ட்ரோபே வராதபடி மாற்றி வைத்துக்கொள்ளலாம், வைத்துவிட்டேன். சுட்டாலும் அசைவதில்லை. செட்டில் மிச்சப்படுத்திய காசு இதிலேயே போய்விட்டது. அப்புறம் கட்டில் பக்கத்தில் சாதாரணக் கை டார்ச் ஒன்று தனியாக இருக்கிறது. ரைஃபிளில் இருக்கும் லைட் எங்கே விழுகிறதோ அங்கேதான் குழலும் நோக்கும் என்பதால், சத்தம் கேட்டால் முதலில் எடுக்க வேண்டியது அந்த டார்ச். வீட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ரெட் டாட்தான். மலிவானது, பேர் கேள்விப்படாதது, ஆனாலும் அணைக்காமலே மாதக்கணக்கில் ஓடுகிறது, 50 கஜத்தில் பிடித்த குறி நகரவில்லை. ஒன்று மட்டும் மனதில் இருக்க வேண்டும். கண்ணாடி குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஒரு அறை தூரத்தில் தோட்டா புள்ளிக்குக் கீழே அந்த அளவுக்கு இறங்கித்தான் படும். ரேஞ்சில் கிட்டத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தால்தான் இது கைக்குப் பழகும்.

சத்தத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 140 டெசிபெலைத் தாண்டினால் ஒரே வெடியில் காது நிரந்தரமாகப் பாதிக்கலாம். இந்த ரைஃபிள் 160-ஐத் தொடும், அதுவும் நாலு சுவருக்குள். காதை மூடும் மஃபைத் துப்பாக்கி சேஃபுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சத்தத்தைக் குறைக்கும் சைலன்சருக்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து பூஜ்யமாகிவிட்டது, ஆனால் பதிவும் காத்திருப்பும் அப்படியேதான், சாமானும் மலிவில்லை.

நண்பருக்கு கிரீன் கார்டு இருக்கிறது, கடையில் 4473 என்ற துப்பாக்கி வாங்கும் படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிந்தால் வாங்கலாம். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை வக்கீலிடம் கேட்காமல் நம்ப வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டு கட்டாயம். 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு, சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி எட்டும்படி அஜாக்கிரதையாக வைப்பது டெக்சாஸ் சட்டத்தில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் பூட்டித்தான் வைப்பேன்.

ஆக, ரைஃபிள் நல்லது, ரெட் டாட் நல்லது, விலையும் இறங்கியிருக்கிறது. இருந்தும் அந்த செட்டை வாங்க வேண்டாம் தம்பி. மேலே சொன்ன நல்லதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், இருட்டில் ஆளைக் காட்டாத ஒரு லைட்டைத் தெரிந்தே திரும்பவும் விற்கிறவர்களுக்கு இன்னொரு 500 டாலர் போக எனக்கு மனசு வரவில்லை. இந்த மாதம் சேஃபும் கை டார்ச்சும் வாங்கு. வாசல் கதவின் ஸ்ட்ரைக் பிளேட்டுக்கு (பூட்டின் நாக்கு நுழையும், நிலையில் இருக்கும் தகடு) மூன்று அங்குலத் திருகாணி போடு. ரைஃபிளை வெறுமனே விற்கிற கடை கிடைத்ததும் சொல், நானும் கூட வருகிறேன்.