காப்பிரைட்டுக்கு ரெனியூவல் ஃபீஸ் கேட்டா கட்டாதீங்க

புக்கு, பாட்டு, ஓவியம்னு சொந்தமா எது பண்றவங்களா இருந்தாலும் இதைக் கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க ப்ளீஸ். சின்னப் பசங்களுக்காக நான் போட்ட தமிழ் எழுத்துப் பயிற்சி புக்கை காப்பிரைட் ரெஜிஸ்டர் பண்ண கோயம்புத்தூர்ல ஒரு கன்சல்டன்சிகிட்ட குடுத்தேன், 18,000 ரூபா வாங்கினாங்க, கேட்டா "கவர்ன்மென்ட் ஃபீஸே ஜாஸ்தி மேடம்"ங்கறாங்க. புக்குக்கு கவர்ன்மென்ட் ஃபீஸ் 500 ரூபா தாங்க!

சரி அவங்க வேலைக்குக் கூலின்னே வச்சுக்குவோம். ஆனா லேமினேட் பண்ணி, ஓரத்துல கோல்டு கலர்ல ஒரு முத்திரை ஸ்டிக்கர் ஒட்டி சர்டிஃபிகேட்னு கையில குடுத்தாங்களே, அது சர்டிஃபிகேட்டே இல்ல, அதுல இருந்தது வெறும் டைரி நம்பர். அப்ளிகேஷன் போட்டு பணம் கட்டினா எல்லாருக்கும் வர்ற நம்பர் அது. அதுக்கப்புறம் யாராச்சும் ஆட்சேபணை சொல்றாங்களான்னு காப்பிரைட் ஆபீஸ்ல 30 நாள் பார்ப்பாங்க, பிறகு எக்ஸாமினர் பார்த்து குறை இருந்தா லெட்டர் அனுப்புவாங்க, அதுக்கெல்லாம் பதில் குடுத்து சரியானா தான் ரெஜிஸ்டர்ல ஏறும். எனக்கும் அந்த லெட்டர் வந்திருக்கு, ஆனா அப்ளிகேஷன்ல மெயில் ஐடி, போன் நம்பர் ரெண்டுமே அவங்களோடது, யாரும் பதிலே போடல, அப்படியே கிடப்புல போயிருச்சு. மாசக்கணக்கா உழைச்ச புக்குங்க அது, வயிறு எரியுது.

இத்தனையும் வெளிய வந்ததே அடுத்த வருஷம் "ரெனியூவல் 4,500, கட்டலைன்னா உரிமை போயிடும்"னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்தப்ப தான். தெரிஞ்ச வக்கீல் அண்ணன்கிட்ட காட்டினேன், காப்பிரைட்டுக்கு ரெனியூவல்ங்கறதே கிடையாதும்மா, பத்து வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கறது பிராண்ட் பேரு, லோகோவுக்கு வாங்கற டிரேட்மார்க்குனு சொன்னார். நம்ம 1957 சட்டப்படி புக்குக்கு எழுதினவங்க ஆயுசு பூரா, அவங்க காலத்துக்கப்புறம் இன்னும் 60 வருஷம் உரிமை இருக்கு. ரெஜிஸ்டர் பண்றது கட்டாயம் கூட இல்ல, எழுதினப்பவே உரிமை நம்மளுது, நாளைக்கு எவனாவது காப்பி அடிச்சு கோர்ட்டுக்குப் போனா சர்டிஃபிகேட் ஆதாரமா நிக்கும், அவ்ளோ தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா போனே எடுக்கறதில்ல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்திருக்கேன், புக்குக்கு என் மெயில் ஐடி போட்டு நானே புதுசா அப்ளை பண்ணிட்டேன். ஏஜென்ட் மூலமா குடுத்தவங்க இன்னைக்கே உங்க டைரி நம்பரை காப்பிரைட் ஆபீஸ் சைட்ல போட்டு ஸ்டேட்டஸ் என்னன்னு பாத்துருங்க.