எட்டு பேட்டரி போச்சு: "ஸ்மார்ட்" சார்ஜர் வாங்குமுன் இதைப் படியுங்கள்

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்று காலை செய்தி வந்தது. எதுவும் தீரவில்லை. எட்டு பேட்டரியும் போனது போனதுதான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருந்தவை எட்டு ஏஏ ரீசார்ஜபிள் பேட்டரிகள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரகம், 2000 எம்ஏஹெச். அம்மாவின் பிபி மெஷின், டார்ச், கீபோர்டு, பையனின் பொம்மை எல்லாம் அவற்றில்தான் ஓடின. மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லை. பழைய சார்ஜர் பழுதாகிவிட்டதால் ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் புதிது தேடினேன். நான்கு குழியும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும், பேட்டரி நிறைந்தால் தானாக நிற்க வேண்டும். நான் தேடியது அவ்வளவுதான்.

ஒரு சார்ஜரின் விவரத்தில் "ஸ்மார்ட்", "ஆட்டோ கட் ஆஃப்" என்று போட்டிருந்தார்கள். அதை மட்டும் பார்த்து வாங்கவில்லை. கேள்வி கேட்கும் இடத்தில், "ஒவ்வொரு பேட்டரியையும் தனியாகக் கவனிக்குமா?" என்று எழுதிக் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் விற்பவரே பதில் போட்டார்: "ஆமாம் சார், நாலும் தனித்தனி. ஃபுல் ஆனதும் தானா நின்னுடும். தைரியமா வாங்குங்க."

அந்தத் "தைரியமா"வை நம்பினேன். நேருக்கு நேர் கேட்ட கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்பவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போதே ஆர்டர் போட்டேன்.

சில வாரங்களில் டார்ச் பத்து நிமிடத்தில் மங்கத் தொடங்கியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் போன வாரம் ஒரு ராத்திரி நான்கு பேட்டரியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். இடையில் இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது. காலையில் தொட்டால் கையில் பிடிக்க முடியாத சூடு. சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேட்டரியின் ப்ளஸ் முனையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது.

சந்தேகப்பட்டு ஒரே ஒரு பேட்டரியை மட்டும் போட்டுப் பார்த்தேன். விளக்கே எரியவில்லை. பக்கத்துக் குழியில் இன்னொன்றைப் போட்ட பிறகுதான் எரிந்தது. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் 2.4 வோல்ட் என்று இருக்கிறது. ஒரு பேட்டரிக்கு 1.2 வோல்ட். ஆக இது இரண்டிரண்டாகக் கோத்து ஏற்றுகிற சார்ஜர். பாதி சார்ஜ் உள்ளதையும் காலியானதையும் சேர்த்துப் போட்டால், இரண்டிலும் ஒரே அளவு கரண்ட்தான் ஓடும். முன்னது நிறைந்த பிறகும் அதற்குள் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்குமேல் ஏறுவதெல்லாம் சூடாகத்தான் மாறும்.

தானாக நிற்பதும் பொய். நிக்கல் பேட்டரி நிறையும்போது அதன் வோல்டேஜ் உச்சத்துக்குப் போய் ஒரு துளி இறங்கும். நல்ல சார்ஜர் அந்த இறக்கத்தைக் கண்டுபிடித்து நிறுத்தும். இதில் இருப்பது வெறும் டைமர். கரண்ட் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நானே போட்டு எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் செய்கிறது.

வாடிக்கையாளர் சேவையில் முதலில் பேசியவர், "விளக்கு எரிகிறதா சார்? அப்போ சார்ஜர் நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுத்தவர் போட்டோ கேட்டார், அனுப்பினேன். மூன்றாமவர் அதே போட்டோவை மறுபடி கேட்டார். அப்புறம், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாம். எட்டு பேட்டரிக்கு என்ன பதில் என்றால், "பேட்டரி எங்களிடம் வாங்கியதில்லையே." விற்பவரின் பதிலைக் காட்டலாம் என்று போய்ப் பார்த்தால், என் கேள்வியையும் காணோம், அவர் பதிலையும் காணோம். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. எட்டு பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு வாரம் முழுக்க சாட். கிடைத்தது "வருந்துகிறோம்" மட்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: சார்ஜர் வந்த அன்றே ஒற்றைப் பேட்டரி போட்டுப் பாருங்கள், ஏறவில்லை என்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள். அடியில் 2.4 வோல்ட் என்றிருந்தால் வேண்டாம். விற்பவர் எழுதுவதை எல்லாம் படம் எடுத்து வையுங்கள். சாதாரண அல்கலைன் பேட்டரியை எந்தச் சார்ஜரிலும் போடாதீர்கள். ஏஏ அளவிலேயே லித்தியம் பேட்டரியும் வருகிறது, அதற்குரிய சார்ஜர் வேறு. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வெள்ளை பூத்த பேட்டரியை வெறுங்கையால் தொடாதீர்கள், திரும்பவும் சார்ஜ் போடாதீர்கள். அம்மாவின் பிபி மெஷினுக்கு இப்போதைக்குச் சாதாரண பேட்டரி வாங்கிப் போட்டிருக்கிறேன்.